லிஃப்டைப் பார்த்து வாங்கிய வீடு

எந்த லிஃப்டில் ஏறினாலும் சித்தப்பா முதல் இரண்டு மாடிக்குப் பேச மாட்டார். கண்ணை மூடிப் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்திருப்பார். பிறகு, "ரோப் தேஞ்சிருக்கு" என்பார். இல்லையென்றால் பேசாமல் கையை எடுத்துவிடுவார். வெளிநாட்டில் பத்தொன்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். நானும் அங்கேதான் வேலை பார்த்தேன், அவர் அறையிலேயே தங்கி.

சித்தியை அழைத்துக்கொள்ள அந்த ஊரிலேயே ஒரு ஃபிளாட் வாங்குவது என்று முடிவானது. சேமிப்பு மொத்தமும் அதற்குத்தான். முதலில் பார்த்த புரோக்கர் அந்நாட்டுப் பெண். லைசென்ஸ் அட்டையை மேசைமேல் வைத்தாள். வக்கீலை நீங்களே தேடிக்கொள்ளுங்கள், நான் சொல்லும் ஆள் வேண்டாம் என்றாள்.

வெளியே வந்ததும் சித்தப்பா, "அவ மேல அவளுக்கே நம்பிக்கை இல்ல. நாம எங்க நம்பறது?" என்றார்.

இரண்டாவது புரோக்கர் தமிழ் பேசினான். அதுவே போதுமானதாக இருந்தது. வீடியோவில், ஊரில் இருந்த சித்தியை "அண்ணி" என்று கூப்பிட்டு, ஒரு ஃபிளாட்டின் சமையலறையைச் சுற்றிக் காட்டினான்.

வீடு பார்க்கப் போன அன்று சித்தப்பா மொட்டைமாடியில் லிஃப்ட் மெஷின் ரூமில் ஒரு மணி நேரம் இருந்தார். கிரீஸ் கையோடு இறங்கி வந்தார்.

"லிஃப்டை இப்படி வச்சிருக்கற எடத்துல ஏமாத்து வேலை இருக்காதுடா."

பத்திரத்தைக் கேட்கவில்லை. நானாவது கேட்டிருக்கலாம். ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தேன். அன்றே சேமிப்பு மொத்தமும் அட்வான்ஸாகக் கைமாறியது.

பதிவு அலுவலகத்தில் கவுன்டர்க்காரர் தாளைத் திருப்பித் தள்ளினார். அந்தக் கட்டடத்தில் வெளிநாட்டுக்காரர் பெயரில் பதிவே கிடையாதாம்.

புரோக்கர் அசரவில்லை. "அதுக்கென்னண்ணே, என் மச்சான் இந்த நாட்டுக் குடிமகன். அவன் பேர்ல போட்டுக்கலாம்."

"வீடு உன் மச்சான் பேர்ல. என் பேர்ல என்ன, கரண்ட் பில்லா?"

"என்னண்ணே, பிரிச்சுப் பேசறீங்க."

"அட்வான்ஸைக் கொடு."

"திருப்பித் தரணும்னு தாள்ல எங்கயும் இல்லையேண்ணே." குரலில் அதே குழைவு. அந்த 'அண்ணே'வை அவன் வாயிலேயே திணிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.

பஸ்ஸில் சித்தப்பா என்மேல் பாய்ந்தார். "படிச்சவன்தானே நீ, வாயைத் தச்சா வச்சிருந்த?" வேறு வீடு வாங்க இனி சேமிப்பு இல்லை.

ஆறு மாதம் கழித்து, பக்கத்து அறை வெல்டர் ஊருக்குக் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதே வீட்டுக்கு அவரும் அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்தவராம். இன்னொரு ஆளைப் பிடித்துக் கொடுத்தால் திருப்பித் தருவதாகப் புரோக்கர் சொன்னானாம். சித்தப்பாவுக்கு அவன் நம்பரைக் கொடுத்தது அவர்தான். அவர் பணம் அவருக்கு வந்துவிட்டது.