கொன்றை பூத்தால் பரீட்சை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, கண்டிப் பக்கம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த என் அக்கா, நான் ராத்தா என்று கூப்பிடுகிறவள், இறுதிப் பரீட்சை எழுதாமலே பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். கெம்பஸில் வேலைநிறுத்தம். எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டார்கள். நான் மட்டும் வேலைநிறுத்தம் செய்தவர்களுக்காகத் தவறாமல் துஆக் கேட்டேன்.

ராத்தா இருந்தால் எங்கள் சாய்ந்தமருது வீடே வேறு. பின்னேரங்களில் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கெம்பஸ் கதைகள் சொல்வாள். புதிதாய் வருகிற பிள்ளைகளுக்குச் சீனியர்மார் பட்டப்பெயர் வைப்பார்களாம். மெலிந்து, கடலோர ஊரிலிருந்து போன இவளுக்குச் சூடைமீன் என்று வைத்திருந்தார்கள். பரீட்சை வருவதை அங்கே அறிவித்தல் பலகையில் பார்ப்பதற்கு முன்னால் மரத்தில் பார்ப்பார்களாம். கொன்றை பூத்துவிட்டால் பரீட்சை வந்துவிட்டது. பூத்த பிறகும் கொப்பியைத் திறக்காதவர் அடுத்த வருடமும் எழுத வேண்டியதுதான். இதை நான் மத்ரஸாவில் ஹசரத் சொல்லித்தந்த பாடம்போல நம்பினேன்.

அந்த நேரம் ராத்தாவுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிய கலியாணம். அதன் பிறகு தூரத்தில் போய்த் தங்கிப் படிப்பது சரிவராது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் பரீட்சை நடந்தால் பட்டம் கிடைக்கும், நடக்காவிட்டால் நாலு வருடப் படிப்பும் வீண். உம்மாவும் வாப்பாவும் குசினியில் இதைக் கதைத்தது என் காதிலும் விழுந்தது. எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே எனக்கு அதில் ஒரு நட்டமும் தெரியவில்லை. பரீட்சை வந்தால் ராத்தா போய்விடுவாள். வராவிட்டால் ராத்தாவும் இருப்பாள், வருகிற மச்சான் கையில் சொக்லட்டும் இருக்கும்.

அப்போதுதான் எங்கள் மதிலோரம் நின்ற கொன்றை பூத்தது. ஒருநாள் காலை ராத்தா அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிநேகிதியோடு போனில் கதைக்க உள்ளே போனதும் மாங்காய் பறிக்கிற கொக்கைத்தடியை எடுத்தேன். மதிலில் ஏறி நின்று ஒரு கொத்து விடாமல் அறுத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மரம் மொட்டை. என் தலையும் சட்டையும் மஞ்சள்.

ராத்தா வந்து பார்த்தாள்.

“என்ன புள்ள செஞ்சிரிக்காய்?”

“பூ இல்லாட்டிச் சோதின வராதுதானே ராத்தா. நீங்க போகத் தேவல்ல.”

அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. நிலத்தில் குந்தி, நசியாத கொத்து ஒன்றைத் தேடி எடுத்தாள். பிறகு நூல் கொண்டுவரச் சொன்னாள். உம்மாவின் தையல் மெசினிலிருந்து நூல்கட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். எட்டிய கிளையில் அந்தக் கொத்தை வைத்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். நூலில் கட்டிய பூ பரீட்சைக்குக் கணக்கில் வராது என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய பிள்ளை என்னோடு விளையாட வந்ததில் எனக்குத் தாங்க முடியாத சந்தோசம். இன்னும் கட்டுவோம் என்று நான்தான் கொத்துகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தேன்.

பரீட்சைத் திகதி பிந்தித்தான் வந்தது, கலியாணம் முடிந்து மூன்று கிழமை கழித்து. ராத்தா போகவில்லை. மச்சான் நல்ல மனிதர். சொக்லட்டும் கொண்டுவந்தார்.

இப்போது நான் அதே கெம்பஸில் இரண்டாம் வருடம். போன மாதம் கொன்றை பூத்ததும் விடுதிப் பிள்ளைகள் வழக்கம்போலத் தலையில் கையை வைத்துக் கூச்சல் போட்டார்கள். நான் படமெடுத்து ராத்தாவுக்கு அனுப்பினேன். “பூப் பாத்தது போதும், போய்ப் படி புள்ள” என்று பதில் வந்தது. அதை வாசித்துவிட்டு மரத்தடியிலேயே கொஞ்ச நேரம் நின்று அழுதேன்.

அன்று நூலைக் கட்டும்போது அவளுக்கு முடிச்சு விழாமல் திரும்பத் திரும்ப நழுவியதை நான் கண்டேன்தான். நூல் மெல்லிசாக இருப்பதால்தான் என்று நினைத்து, தடித்த நூல் எடுத்துவர மறுபடியும் உள்ளே ஓடினேன்.