வாத்து மேய்ந்த வயலில் இறங்கினோம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், மாசி மாதக் கடைசியில், தோவாளைக்குத் தெற்கே உள்ள வயல்வெளியில் நடந்தது இது. கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து வயல்கள் எல்லாம் வெறும் அடித்தாளாகக் கிடந்த சமயம்.

நான் கப்பலில் இன்ஜினியராக இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு நாகர்கோவிலில் வந்து உட்கார்ந்தவன். என் கூடப் படித்தவர்கள் ரப்பர் தோட்டம் வாங்கினார்கள், கல்யாண மண்டபம் கட்டினார்கள். நான் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு பழைய மோட்டார் கிளைடர் வாங்கினேன். அது என்ன என்று கேட்காதவர்கள் ஊரில் இல்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் குட்டி விமானம். இறக்கை மட்டும் நீளமோ நீளம். மேலே ஏறிய பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு, வெயிலில் சூடாகி எழும்பும் காற்றிலேயே பருந்து மாதிரி மிதக்கலாம். வேண்டும்போது சுவிட்சைப் போட்டு மறுபடி இன்ஜினை ஓடவிடலாம். பேப்பர் வேலைகளுக்கே இரண்டு வருஷம் அலைந்தோம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் ஓடுதளத்தில் கொட்டகை போட்டு அதை நிறுத்தியிருந்தோம்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். "இது ஏன் பறக்குதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் நான் ஏறல" என்று ஒரு வருஷம் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் முதல் முறையாக வரச் சம்மதித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பும் செய்தேன்.

இன்ஜினை ஓடவிட்டதும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. டேஷ்போர்டை விரலால் தட்டினேன். அணைந்தது. திரும்ப எரிந்தது. "பல்பு லூசா இருக்கு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கப்பலில் எனக்குக் கீழே வேலை பார்த்த எவனாவது அப்படிச் சொல்லியிருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

கிழக்குக் கடற்கரைக்குப் போய் வட்டக்கோட்டைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றினோம். கோட்டை ஒரு பிஸ்கட் துண்டு மாதிரி கடலோரம் கிடந்தது. அங்கே இன்ஜினை நிறுத்தினேன். சட்டென்று அமைதி. கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே காற்று உரசும் சத்தம் மட்டும். என் மனைவி என் கையை ஒரு தடவை அழுத்தினாள். அந்த நிமிஷத்துக்காகத்தான் இத்தனை வருஷம் அலைந்தேன் என்று தோன்றியது.

அப்படியே எழும்பும் காற்றுகளைப் பிடித்துப் பிடித்து வடக்கே தோவாளைப் பக்கம் வந்துவிட்டோம். மலையை நெருங்கியதும் காற்று கைவிட்டது. உயரம் மளமளவென்று குறைந்தது. சரி, இன்ஜினைப் போடலாம் என்று சுவிட்சைத் திருப்பினேன். மூக்கில் இருந்த விசிறி கால் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. இன்னொரு தடவை. டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரியில் உயிரே இல்லை.

கீழ்நோக்கி வேகமாகப் பாய்ந்தால் காற்றே விசிறியைச் சுழற்றி இன்ஜினை ஓடவைக்கும் என்று ஒரு வழி உண்டு. அதற்கு நல்ல உயரம் வேண்டும். நானோ சுவிட்சைத் திருப்பித் திருப்பியே அந்த உயரத்தைத் தொலைத்திருந்தேன். ஓடுதளத்துக்குப் போகவும் முடியாது. நடுவில் கணவாய் முழுக்கக் காற்றாலைகள் காடு மாதிரி நிற்கின்றன.

"இஞ்ச பாருங்க, என்ன ஆச்சு? உள்ளத சொல்லுங்க" என்றாள் மனைவி.

சொன்னேன். வயலில் இறங்கத்தான் வேண்டும், இறங்கலாம், இதற்கெல்லாம் பயிற்சி உண்டு என்றேன். குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது.

நீளமாக ஒரு வயலைப் பார்த்து வைத்தேன். மேலிருந்து பார்க்க அருமையாக இருந்தது. சாம்பல் நிறத்தில் நன்றாகக் காய்ந்து, குறுக்கே வரப்பில்லாமல், கோயில் திடல் மாதிரி. பக்கத்தில் ஒரு வாய்க்கால். அதற்கு அந்தப் பக்கத்து வயலில் பழுப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய கூட்டம் அசைந்துகொண்டிருந்தது. வாத்துகள். ஆயிரம் இருக்கும். இரண்டு சுற்றுச் சுற்றி உயரத்தைக் குறைத்துக்கொண்டு நான் பார்த்து வைத்த வயலுக்கு நேராகத் திரும்பினேன்.

அப்போது ஒரு பெண் வரப்பில் ஓடி வந்து, சரியாக அந்த வயலின் தலைப்புக் கரையில், நாங்கள் இறங்க வேண்டிய பாதையில் நின்றுகொண்டாள். கையில் நீளமான கம்பு, அதன் நுனியில் ஏதோ ஒரு மஞ்சள் துணி. அந்தக் கம்பை இடமும் வலமுமாக வீசினாள், வேண்டாம் வேண்டாம் என்பது போல. பிறகு கம்பை நீட்டி வாத்து வயலைக் காட்டினாள். அங்கே ஒரு ஆள் குனிந்து ஓடி ஓடி வாத்துகளை ஓரத்துக்கு விரட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்தது கோபம். குறுக்கே வந்து நிற்கிறாளே என்று கத்தினேன். அவள் காட்டிய வயல் நீளம் குறைவு. நடுவில் ஒரு வரப்பு வேறு. எந்தப் புத்தகமும் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாது.

என் மனைவி என் தோளைத் தொட்டாள். "அவ காட்டுத இடத்துல இறக்குங்க. மண்ணுல நிக்கவளுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?"

யோசிக்க மூன்று நான்கு விநாடிதான் இருந்திருக்கும். அவள் பேச்சை ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. இடது பக்கம் சாய்த்தேன். வாய்க்காலைத் தாண்டினோம். இறக்கையில் உள்ள தடுப்புப் பலகைகளை முழுதாகத் திறந்துவிட்டேன். சக்கரம் தாளில் பட்டது. வரப்பில் மோதி ஒரு ஆள் உயரம் எழும்பி, திரும்ப விழுந்து, சரசரவென்று ஓடி, எதிர்க்கரைக்குப் பத்தடி முன்னால் நின்றது. தூசி அடங்கும்வரை இரண்டு பேரும் அசையவில்லை. ஓரத்தில் ஆயிரம் வாத்துகள் ஒரே குரலில் எங்களைத் திட்டிக்கொண்டிருந்தன.

அந்தப் பெண் ஓடி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. நேரே என் மனைவி பக்கம் போய், "அக்கா, பயந்து பேடிச்சிட்டியளா? அடி ஏதும் பட்டுதா? வெள்ளம் குடிக்கியளா?" என்று கேட்டார். என் மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அந்தப் பெண் அவளைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தூக்குவாளியில் இருந்த தண்ணீரைக் கொடுத்தார்.

புருஷனும் பெண்டாட்டியுமாகக் குழித்துறைப் பக்கமிருந்து அறுப்பு முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வந்தவர்கள். ஒவ்வொரு வருஷமும் வருவார்களாம்.

எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. அந்த நல்ல வயலை ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டேன். அவர் கம்பால் அந்த வயலைக் காட்டி, "நீங்களே போய்ப் பாருங்க சார்" என்றார்.

வாய்க்காலைத் தாண்டிப் போய் அந்தக் காய்ந்த வயலில் காலை வைத்தேன். மேலே இருந்த பொருக்கு அப்பளம் மாதிரி நொறுங்கியது. முட்டுக்கு மேலே தொளிச் சேற்றில் தாழ்ந்துவிட்டேன். செருப்பு போன இடம் தெரியவில்லை. அவர் புருஷன்தான் கையைக் கொடுத்து இழுத்துக் கரையில் போட்டார். போன வாரம் வாய்க்கால் மடை உடைந்து தண்ணீர் உள்ளே பாய்ந்துவிட்டதாம். வெயிலில் மேலே மட்டும் காய்ந்திருக்கிறது. "வாத்து நடந்துரும். நாங்க இறங்குனா தாழ்ந்துருவோம். அதான் இஞ்ச விடல" என்றார் அந்தப் புருஷன்.

கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சக்கரம் அதில் புதைந்திருந்தால் விமானம் தலைகுப்புறப் புரண்டிருக்கும். எங்கள் இரண்டு பேர் தலைக்கு மேலே இருந்தது வெறும் கண்ணாடிக் கூண்டு.

"நாங்க இறங்கப் போறோம்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று மனைவி அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

"சத்தம் இல்லாம சுத்திச்சா, பெரிய பருந்துன்னு நினைச்சோம். குஞ்சைத் தூக்கிரும்னுதான் முதல்ல வாத்தை விரட்டுனது" என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பிறகுதான் உள்ள ரெண்டு தலை தெரிஞ்சுது. பறக்குறது எதுவானாலும் இறங்க முன்னாடி இடம் பாத்துச் சுத்தும்லா?"

நான் போனில் தகவல் சொல்லி, போலீஸ் வரும்வரை அவர்கள் எங்களை விட்டுப் போகவில்லை. அந்தப் பெண்ணை விமானத்தில் ஏற்றி உட்கார வைத்தேன். ஒவ்வொன்றாகக் காட்டி இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டார். சிவப்பு விளக்கையும் கேட்டார். சொன்னேன். காலையில் அது எரிந்ததையும் சொன்னேன்.

"அது ஒழுங்காத்தான் சொல்லியிருக்கு சார்" என்றார். குத்தலாக இல்லை, விளக்குக்காகப் பரிந்து பேசுவது போலச் சொன்னார்.

மறுநாள் இறக்கைகளைக் கழற்றினோம். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் பதினைந்து பேர், நாற்றுக்கட்டு சுமப்பது போல ஆளுக்கொரு கை கொடுத்து ரோட்டுக்குக் கொண்டுவந்து லாரியில் ஏற்றித் தந்தார்கள். விமானத் துறை அதிகாரிகளுக்கு எழுதிய கடிதத்தில் விளக்கு எரிந்ததையும், நான் அதைக் கண்டும் காணாமல் கிளம்பியதையும் மறைக்காமல் எழுதினேன். கழன்று போன ஒரே ஒரு வயர்தான் காரணம். பார்த்திருந்தால் பத்து நிமிஷ வேலை. சில மாதம் பறக்க விடவில்லை. அது எனக்குத் தேவையாகத்தான் இருந்தது.

அந்த மாதங்களில் பைக்கை எடுத்துக்கொண்டு நான் பறக்கும் வழியெல்லாம் தரையில் சுற்றினேன். தோவாளையிலிருந்து அஞ்சுகிராமம் வரை எந்த வயல் கெட்டி, எந்தக் குளம் எந்த மாதம் வற்றும், எங்கே புதிதாக மின்கம்பி இழுத்திருக்கிறார்கள் என்று வயலில் நிற்பவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். முதலில் நிலம் வாங்க வந்த புரோக்கர் என்று நினைத்தார்கள். இப்போது என்னைக் கண்டால், "சார், நம்ம வயல்ல தண்ணி விட்டாச்சு, இந்த மாசம் இறங்கிராதீங்க" என்று அவர்களே கூப்பிட்டுச் சொல்கிறார்கள். மனைவி அதையெல்லாம் வரைபடத்தில் குறித்துத் தருகிறாள். திரும்பப் பறக்க அனுமதி வந்த முதல் வாரமே பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தவளும் அவள்தான். அடுத்த வருஷம் அந்த வாத்துக்காரத் தம்பதி வந்தபோது அவர்கள் குழந்தைகளுக்குத் துணியெடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

இன்றைக்கு மேலே போய் இன்ஜினை நிறுத்தும்போது, கீழே எங்கேயோ ஒரு வயலில் யாரோ தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பே, எனக்குப் பயத்தைப் போக்கி ஒரு பணிவைத் தந்திருக்கிறது.