நாலு கட்டையில் பாடினேன்

ஒன்பது வயதில் பதுளை இசைக்குழு ஒன்றில் பாட ஆரம்பித்தேன். மைக் எட்டாது என்று சோடாப் பெட்டியின் மேல் ஏற்றி நிறுத்துவார்கள். பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் திருவிழா என்றால், "சின்னப் பாப்பா வருதா?" என்றுதான் முதலில் கேட்பார்களாம். நான் பாடுவது ஓர் அம்மன் பாட்டு. ஆறு கட்டை என்னும் உயர்ந்த சுதியில் எடுத்து, உச்சத்தில் இழுத்து நிறுத்துவேன். சனம் எழுந்து நின்று கைதட்டும்.

பதினாறு வயதில் ஹாலிஎலவில் ஒரு மேடையில் அந்த உச்சத்துக்குப் போனபோது குரல் கீறிக்கொண்டது. முன்வரிசையில் சிரித்தார்கள். அதன்பின் என்னைக் கேட்டு யாரும் வரவில்லை.

"பாடுனது போதும் புள்ள. படிச்சு ஒரு வேலைக்குப் போற வழியப் பாரு" என்றார் அம்மா.

"படிக்கிறேம்மா. ஆனா பாட்ட விடமாட்டேன்."

காலையில் அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனதும், எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் விழும் பீலிக்கரையில் நின்று கீழ்ச் சுரங்களைப் பாடிப் பழகினேன். குரல் கெட்டுப்போகவில்லை, இறங்கியிருக்கிறது என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. ஒத்திகைக்குப் போவதையும் நிறுத்தவில்லை. புதிதாக வந்த பாடகிக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடினேன். அவள் அடியைத் தவறவிட்டால் பின்னாலிருந்து மெல்லப் பாடி எடுத்துக் கொடுப்பேன். வாத்தியக்காரர்கள் அதைக் கவனித்திருக்கிறார்கள்.

பத்தொன்பது வயதில், பசறைத் தோட்டத்துக் கோயில் திருவிழா அன்று அந்தப் பாடகி காய்ச்சலில் படுத்துவிட்டாள். கீபோர்ட் வாசிக்கும் அண்ணன் என்னைப் பாடச் சொன்னார். மேடைக்குப் பின்னால் கோயில் தலைவர் வந்தார்.

"அந்த அம்மன் பாட்டுத்தான் வேணும். பழைய மாதிரியே உச்சத்துல பாடணும்."

"பாடுறேங்க. ஆனா நாலு கட்டையிலதான் பாடுவேன். சின்ன வயசுக் குரல் இப்ப வராது."

அவர் அண்ணனிடம் திரும்பினார். "நீங்க ஆறுலயே வாசிங்க தம்பி. அது பாடிரும்."

"அது சொல்ற சுதியிலதாங்க வாசிப்போம்" என்றார் அண்ணன். ட்ரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுத் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் திரும்பிப் போனார்.

பாடினேன். குரல் நடுங்கவில்லை. முதல் அடிக்கு ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது அடியை எடுத்தேன். யாரும் எழுந்து நிற்கவில்லை. ஆனால் பாட்டு முடியும்வரை யாரும் கடலை வாங்கவும் போகவில்லை. இறங்கியதும், அன்றைக்கு மட்டும் கிட்டார் வாசிக்க வந்திருந்தவர், "அப்புத்தளையில எங்க குழுவுக்கும் வாங்க" என்றார். அந்தக் குழுவில் வாசித்தவர்கள் அடுத்த குழுவுக்குச் சொன்னார்கள்.

இப்போது பகலில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். சனி, ஞாயிறுகளில் பாடுகிறேன். சுவரொட்டியில் என் படம் ஓரத்தில்தான் இருக்கும். ஆனால் ஊவா மாகாணத்தில் எந்தக் குழு புதுப்பாட்டை எடுத்தாலும், "அக்காவக் கூப்பிடு, சுதி வச்சுத் தரட்டும்" என்பார்கள். போன வாரம் வாத்தியக்காரர்களே சேர்ந்து என் குரலுக்கென்று ஒரு மெட்டுப் போட்டார்கள். சரணத்தில் ஓர் இடம் இன்னும் சரியாக உட்காரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காருகிறோம்.