பச்சமுத்துவின் ‘ங்க’

எங்கள் மாமன் சின்னண்ணனுக்கு நாக்குதான் சொத்து. மூன்று ஏக்கர் மேட்டுக்காடும் உண்டு. அதில் எள்ளைத் தவிர ஒன்றும் ஒழுங்காக விளைந்ததில்லை. கள்ளை ஒரு வாய் உறிஞ்சிக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, கண்ணை மூடி, “இது ஏரிக்கரைப் பனை. விடியக்காலையில எறக்குனது” என்பார். மரமேறுகிற சின்னுசாமி, “ஆமாங்க” என்பார். சின்னுசாமி யார் எதைச் சொன்னாலும் ஆமாங்க என்பவர். ஆகையால் அது நிஜம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எடப்பாடி ரோட்டுக் கள்ளுக்கடைக்குப் பின்னால் மூன்று பேர் உட்காருவார்கள். மாமன், அவருடைய பங்காளி கந்தப்பன், பாரவண்டி ஓட்டுகிற பச்சமுத்து. அவரவர் வீட்டில் ஆக்கியதைப் போசியில் கொண்டுவருவார்கள். மாமன் போசிகளைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் கள்ளுக்குச் சொல்வார். கோழி வறுவலுக்கு அன்று காலை இறக்கிய தென்னங்கள். மிளகுக் காரத்தை அந்த இனிப்பு தணிக்குமாம். குடல் குழம்புக்கு முந்தின நாள் இறக்கிப் புளித்த பனங்கள், கொழுப்பை அறுக்குமாம். கருவாட்டுக்கு மட்டும் எந்தக் கள்ளும் ஒத்துவராது என்பது அவருடைய தீர்ப்பு. அதனாலேயே பச்சமுத்து வாராவாரம் ஓமலூர்ச் சந்தையிலிருந்து கருவாடு வாங்கிவருவார்.

“டேய் சின்னண்ணா, கருவாட்டுல கொறையில்ல. உன்ற நாக்குலதான்டா புண்ணு” என்பார்.

“ஊத்துனதக் குடிடா, பேசாம.”

பேரிலேயே அண்ணன் இருப்பதால் டா போட்டாலும் மாமனுக்குப் பாதி மரியாதை மிஞ்சியது. பச்சமுத்து எங்கள் சாதி இல்லை. கள்ளுக்கடையில் அது யாருக்கும் ஞாபகம் வந்ததில்லை. அங்கே சொம்பும் கிடையாது, டம்ளரும் கிடையாது. பனையோலையை மடக்கிக் கட்டிய பட்டையில்தான் எல்லாரும் குடித்தார்கள். குடித்ததும் பட்டையை வீசிவிடுவார்கள். எச்சில் யாருடையது, பாத்திரம் யாருடையது என்று கேட்கிற தொல்லையே இல்லை.

அப்புறம் மதுவிலக்கு வந்தது. புரட்டாசியில் கடையை மூடினார்கள். கறி தின்னாத மாதத்தில் மூடியதால் முதலில் யாருக்கும் அவ்வளவாக வலிக்கவில்லை. ஐப்பசியில் வலித்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுகிற ஆட்கள் மாமனைத் தேடிவந்தார்கள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, “இதுக்கும் சோத்துக்கும் சம்பந்தமே இல்லீங்க” என்று அனுப்பிவிட்டார். பெண்டுகள் கடை மூடியதைக் கொண்டாடினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. மாமன் அதை மறுக்கவில்லை. சாயங்காலங்களில் வண்டிப் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான்.

மாசியில் மூன்று பேரும் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவது என்று தீர்மானித்தார். சர்க்கார் கள்ளைத்தான் தடுத்தது, தெளுவைத் தடுக்கவில்லை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பனையில் கட்டினால் இறங்குவது தெளுவு. புளிக்காது, இனிப்பாகவே இருக்கும். மாமன் சம்சாரம், என் அத்தை சென்னியம்மாள் சேவலை அடித்துக் குழம்பு வைத்தாள். மாமனுக்கும் கந்தப்பனுக்கும் உள்ளே பலகை போட்டாள். பச்சமுத்துவுக்கு வாசலில் இலை. தெளுவு அவர்களுக்குச் சொம்பில். பச்சமுத்து கையைக் குவித்துக் குனிய, எட்டி நின்று ஊற்றினாள்.

“ஏன் சென்னி, அவனும் உள்ள உக்காரட்டுமே” என்றார் மாமன், மெதுவாக.

“என்ர அண்ணன் காதுக்குப் போனா நாளைக்கி நம்மூட்டுல ஒரு வாய் தண்ணி குடிப்பாரா? நீங்களே சொல்லுங்க.”

மாமன் குனிந்து சோற்றைப் பிசைந்தார். அத்தையின் அண்ணன் சுப்பையன் அப்படிப்பட்டவர்தான்.

சாப்பிட்டு முடிந்ததும் வாசலுக்கு வந்து, “எப்படிடா இருந்துச்சு?” என்று கேட்டார். பச்சமுத்து துண்டை இடுப்புக்கு இறக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

“நல்லா இருந்துச்சுங்க.”

எங்கள் பக்கத்தில் ஆட்டுக்குட்டியிடம்கூட ‘ங்க’ போட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. அது காதில் விழாது. அன்றைக்கு மாமனுக்கு விழுந்தது. இருபது வருஷமாக டேய் என்று கூப்பிட்டவன் போட்ட ங்க. இனிப்பும் காரமும் ஒட்டவில்லை, தெளுவு சரியில்லை என்று ராத்திரி அத்தையிடம் முணுமுணுத்தார். அத்தை அசதி என்று படுத்துவிட்டாள். அவளும் காலையிலிருந்து அடுப்பில் கிடந்தவள்.

அதிலிருந்து மாமனுக்கு வேலை ஒன்றே. பச்சமுத்துவைப் பழையபடி பேசவைக்க ஒரு பானம் வேண்டும். மோரைப் புளிக்கவைத்துப் பார்த்தார். பானகம் கரைத்தார். கடைசியில் கம்பஞ்சோற்றில் ஊற்றிவைத்த நீச்சத்தண்ணியில் வந்து நின்றார். முதல் நாள் தண்ணி கருவாட்டுக்கு மெலிசு, மூன்றாம் நாளது புளிப்பேறிக் கோபம், இரண்டாம் நாளதே சரி என்று கண்டுபிடித்தார். கருவாட்டுக்கு ஒன்று கிடைத்துவிட்டதே என்று சந்தோஷப்படக்கூட அவருக்குத் தெம்பு இல்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் கிணற்றடிக்கு வரச்சொன்னார். வாதநாராயண மரத்தடியில் பானை, பொரித்த கருவாடு, பக்கத்தில் சின்னுசாமி மடக்கிக் கொடுத்த ஓலைப் பட்டைகள். பச்சமுத்து வந்தார்; நின்றுகொண்டே இருந்தார்.

“உக்காரு.”

“இருக்கட்டுங்க.”

“இங்க ஆரு இருக்கறா? உக்காரு.”

ஓரமாகக் குத்துக்காலிட்டார். பட்டையில் ஊற்றிக் கொடுத்ததை வாங்கிக் குடித்தார்.

“எப்படி?”

“நல்லா இருக்குதுங்க.”

மாமனுடைய முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நான் மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து கவலையில் தண்ணி இறைத்துக்கொண்டிருந்தேன், மாட்டைப் பார்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் கிளுவை வேலிக்கு மேலே ஒரு சிவப்புத் தலைப்பாகை மட்டும் நகர்ந்து வந்தது. அந்த நாளில் சிவப்புத் தலைப்பாகை என்றால் போலீசு. அது வெயிலுக்குச் சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்த கந்தப்பன் என்பது மாடு ஏறி இறங்குகிற வாரிமேட்டின் மேல் நின்ற எனக்கு நன்றாகத் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். மாட்டை அதட்டுகிற சாக்கில் இருந்துவிட்டேன்.

பச்சமுத்து துள்ளி எழுந்தார். “டேய் சின்னண்ணா! போலீசுடா! பானைய மூடுடா!”

மாமன் பானையின் மேல் துண்டைப் போட்டு, துண்டின் மேல் தானே உட்கார்ந்துவிட்டார். வெறும் கம்பந்தண்ணி. அதைக் குடித்தவனை எந்தச் சட்டமும் பிடிக்காது. இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. கந்தப்பன் வேலிப்படலைத் திறந்துகொண்டு வந்து, “என்னடா, முட்டையா வெக்கறே?” என்று கேட்டார்.

பச்சமுத்துதான் முதலில் சிரித்தார். “சின்னண்ணா, நெசமாச் சொல்றேன்டா. இது மாட்டுக்கு வெக்கற தண்ணிடா.”

“கருவாட்டக் கடிச்சுட்டுக் குடிடா, மூதேவி.”

கடித்துவிட்டுக் குடித்தார். கொஞ்சம் யோசித்து, “பரவால்லடா” என்றார். வெயில் ஏறிப்போயிருந்தது, வயதும்தான். சாப்பிட்டார்கள், மரத்தடியிலேயே கொஞ்சம் கண்ணயர்ந்தார்கள்.

வெயில் தாழ்ந்து பச்சமுத்து வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரியில் நிறுத்தியிருந்த வண்டியைப் பூட்டும்போது, எதிரே கூட்டுவண்டி வந்து நின்றது. இறங்கியவர் சுப்பையன். பச்சமுத்துவின் துண்டு தோளிலிருந்து இடுப்புக்குத் தானாக இறங்கியது.

“வாரேனுங்க” என்றார், மாமனைப் பார்த்து.

மாமன் கிணற்றைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார்.

“சரிங்க” என்றார். “அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க. கட்டாயம் வந்துருங்க.”

சுப்பையன் முகம் சுருங்கியது. “ஏனுங்க மாப்ள, அவனுக்கெதுக்கு நீங்க ‘ங்க’ போடறீங்க?”

“புளிச்ச தண்ணி குடிச்சு நாக்குத் தடிச்சுப் போச்சுங்க மச்சான். ஆருக்கு எதப் போடறதுன்னு தெரியமாட்டீங்குது.”

சுப்பையன் விறுவிறுவென்று வீட்டுப் பக்கம் நடந்தார். அன்று எங்கள் வீட்டில் அவர் தண்ணி குடித்தாரா என்று அத்தை கடைசிவரை சொல்லவில்லை.

பச்சமுத்து திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறி, “போடா, டேய்” என்றார், ஓய்ந்த குரலில். மாடு நகர்ந்தது. மாட்டைத்தான் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது.