பெட்ரோல் திருடிய கார்

ராயக்கோட்டை சாலையில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஆட்டோமொபைல் பாடம் எடுக்கிறேன். கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்ததால் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தோம். எங்கள் துறையில் புகைப் பரிசோதனைக் கருவி ஒன்று உண்டு. அதன் குழாயை வண்டியின் சைலன்ஸருக்குள் செருகினால், வெளிவரும் புகையில் எந்த வாயு எவ்வளவு என்று திரையில் காட்டும். மாணவர்கள் தொட்டால் கெட்டுவிடும் என்பதால் யாரும் அதைத் தொடக்கூடாது என்று தாளாளர் உத்தரவிட்டிருந்தார். ஆயுத பூஜையன்று மட்டும் உறையைக் கழற்றிச் சந்தனம் வைப்போம். மற்ற நாட்களில் நான் கரும்பலகையில் அந்தக் கருவியைப் படமாக வரைந்து பாடம் நடத்துவேன். பார்த்து வரைவதற்கு வசதியாக அது உறையோடு எதிரிலேயே இருந்தது.

தாளாளர் கிரானைட்டில் சம்பாதித்துக் கல்விக்கு வந்தவர். மலையை அறுத்தவனுக்கு மாணவனைச் செதுக்கத் தெரியாதா என்று ஆண்டு விழாதோறும் கேட்பார். நாங்களும் கைதட்டுவோம்.

அவருடைய காரை ஓட்டியவர் அஞ்செட்டிப் பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். அந்த வருடம் கார் திடீரென்று பெட்ரோலை அதிகமாகக் குடிக்கத் தொடங்கியது. காரணத்தைக் கண்டுபிடிக்கத் தாளாளருக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. ஒருநாள் காலையில் நாங்கள் வருகைப் பதிவுக்காக நின்றுகொண்டிருந்தபோது, கல்லூரி வாசலிலேயே டிரைவரை நிறுத்திவைத்து விசாரித்தார்.

“டேங்க ரொப்பி நாலு நாளு ஆவல, முள்ளு கீழ எறங்கிடுச்சு. உத்தனப்பள்ளில எவனுக்குடா ஊத்தற?”

“நான் எதுக்குங்க ஊத்தறேன்? வண்டிதாங்க குடிக்குது. மெக்கானிக்குகிட்ட காட்டலாம்னு எத்தினி வாட்டி சொன்னனுங்க.”

“வண்டி குடிக்குதா, நீ வித்துக் குடிக்கறியா?”

டிரைவர் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற கன்னடம் தெரிந்த பேராசிரியர் அதை எனக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். மாத முடிவோடு வேலை கிடையாது என்று அங்கேயே தீர்ப்பாயிற்று.

மாதம் முடிவதற்குள் ஆய்வுக்குழு வந்தது. கல்லூரியில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறவர்கள். அவர்களைப் பெங்களூரிலிருந்து அழைத்து வந்ததும் இதே கார், இதே டிரைவர்தான். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். எங்கள் ஆய்வகத்துக்குள் வந்ததும் கருவியின் உறையைத் தொட்டுப் பார்த்தார்.

“இது வேலை செய்யுமா?”

“ஏன் செய்யாது? வாசல்ல நிக்கற என் வண்டியவே வெச்சுக் காட்டச் சொல்றேன்,” என்றார் தாளாளர், என் பக்கம் திரும்பாமலேயே.

கருவியை வெளியே தள்ளிக்கொண்டு போய்த் துடைத்துத் தயார் செய்தேன். டிரைவர் காரைக் கிளப்பினார். சைலன்ஸரின் வாய் அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது, பச்சைப் பெட்ரோல் வாடை அடித்தது. திரையில் கார்பன் மோனாக்சைடு மளமளவென்று ஏறியது. எரியாத பெட்ரோலின் அளவும் ஏறியது. ஆக்சிஜன் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

“இதுக்கு என்னம்மா அர்த்தம்?” என்று தலைவர் கேட்டார்.

கரும்பலகையில் எத்தனையோ முறை சொன்னதுதான். “பெட்ரோல் முழுசா எரியக் காத்து வேணும் சார். காத்து கூடுதலா இருந்தா புகையில ஆக்சிஜன் மிஞ்சும். இங்க மிஞ்சவே இல்ல. பெட்ரோல் அளவுக்கு மேல போகுது, அரைகுறையா எரிஞ்சு வெளிய வருது.”

“எச்சரிக்கை விளக்கு எரிஞ்சிருக்கணுமே?”

தலைவர் குனிந்து ஸ்டியரிங் பக்கம் பார்த்தார். விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் எங்கள் கல்லூரிச் சின்னம் போட்ட ஸ்டிக்கர். அதில் ‘அறிவே ஒளி’ என்று எழுதியிருந்தது.

“மஞ்சளா எரிஞ்சுதுங்க. கண்ணு கூசுதுன்னு ஐயாதான் ஒட்டச் சொன்னாருங்க,” என்றார் டிரைவர்.

தாளாளர் செல்போனில் வராத அழைப்பு ஒன்றைப் பேசத் தொடங்கினார். நான் ஆய்வகத்திலிருந்து, காரின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரை எடுத்துவந்து மாட்டினேன். எஞ்சினின் வெப்பத்தைச் சொல்லும் சென்சார் பழுதாகியிருந்தது. பெங்களூர் நெரிசலில் ஊர்ந்து கொதித்து வந்த எஞ்சினை, அது ஓசூரின் மார்கழி விடியற்காலைக் குளிரில் நிற்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. குளிர்ந்த எஞ்சின் எளிதில் ஓடாது என்பதால் காரின் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். இந்தக் காரில் நாள் முழுக்க ஊற்றிக்கொண்டே இருந்தது.

சொல்லி முடித்தபோது டிரைவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப பெட்ரோல் நான் எடுக்கலீங்களே, மேடம்?”

“இல்லண்ணே. இந்தக் குழாய் வழியாத்தான் போயிருக்கு.”

“நீ எடுத்தேன்னு யாரு சொன்னது?” என்று தலைவர் ஆச்சரியப்பட்டார். வாசலில் விசாரணை நடந்த காலையில் வருகைப் பதிவுக்காக நின்றிருந்த அத்தனை பேரும் இப்போதும் அங்கே நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன் என்று எழுத ஆசைதான். கருவியின் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

தாளாளர் அழைப்பை முடித்துவிட்டுச் சிரித்தபடி வந்தார். “டெமோன்னா ரிப்பேர் வண்டி வேணும்ல சார்? நல்ல வண்டில என்னத்தக் காட்டறது? அதுக்குன்னே சரி பண்ணாம வெச்சிருந்தேன்.”

தலைவர் அதை நம்பினாரா என்று தெரியாது. மதிய விருந்துக்குப் பிறகு செய்முறைப் பயிற்சிக்கு நல்ல மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார்.

கட்டைவிரல் அளவு சென்சாரை மாற்றியதும் கார் ஒழுங்காக ஓடியது. டிரைவரை வேலையை விட்டு நிறுத்தும் பேச்சும் நின்றது. மன்னிப்பு என்ற பேச்சு எழவே இல்லை. ஆனால் அவரே சாவியை ஒப்படைத்துவிட்டுத் தொழிற்சாலை ஆட்களை ஏற்றும் பஸ் ஓட்டப் போய்விட்டார். கிளம்பும்போது ஆய்வகத்துக்கு வந்தார்.

“அதான் எல்லாம் தெரிஞ்சு போச்சே, ஏன் போறீங்க?” என்று கேட்டேன்.

“நாளைக்கு டயரு தேஞ்சா, நான் கடிச்சுத் தின்னுட்டேம்பாரு மேடம்,” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

இந்த வருடச் சேர்க்கை விளம்பரத்தில் அந்தக் கருவியும் தாளாளரும் இருக்கிறார்கள். புகைக்குழாயில் செருகவேண்டிய முனையை மேடை மைக் போல வாய்க்கு நேரே பிடித்திருக்கிறார். படமெடுத்தவரிடம் அப்போதே தப்பென்று சொல்ல நான் வாயெடுத்தேன். கல்லூரி முதல்வர் என் கையைப் பிடித்து, “விடுங்க மேடம், நல்லாத்தான் இருக்கு,” என்றார்.