மாதா விளக்கின் இரைச்சல்

போன வாரம் மந்தைவெளியில் ஒரு வாடகை காரில் ஏறினேன். பேட்டரி கார். ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. சத்தம் போடாத வண்டி என்றால் எனக்கு எங்கேயோ ஏதோ கழன்றுவிட்ட மாதிரி இருக்கும். டேஷ்போர்டில் ஒரு வேளாங்கண்ணி மாதா. காலடியில் குட்டி விளக்கு, நீலமும் சிவப்புமாக மின்னிக்கொண்டிருந்தது. டிரைவரின் ரேடியோவில் பாட்டு சுத்தமாக வந்தது. நான் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு, வராத ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கச் சந்தில், வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிற கடையில் அப்போது வேலை. வேலை கைக்கு வந்துவிட்டது, பயம்தான் போகவில்லை. ஒயர் உரசிப் புகைந்துவிடுமோ என்று மூடிய பானட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பேன். "இன்னா மச்சி, உள்ளாற புள்ளய தூங்க வெச்சிக்கீறியா?" என்பான் கூட வேலை செய்த முருகன்.

அந்தக் கடைக்குத்தான் ஜெரால்டு சார் வந்தார். சாந்தோமில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருந்தார். வீட்டில் ஒரு செட்டை வைத்து, உட்கார்ந்தபடி வானலையில் ஊர் ஊராகப் பேசுகிற பழக்கம். பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டினதும், மொட்டை மாடியில் ஏரியல் கம்பி கூடாது என்று அசோசியேஷனில் சொல்லிவிட்டார்கள். செட்டைத் தூக்கிக் காரில் வைத்துவிட்டார். ஆனால் இன்ஜினைப் போட்டால் ஸ்பீக்கரில் வாணலியில் கடுகு வெடிக்கிற சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடவே ஒரு ஊளை.

"வண்டிய நிறுத்திட்டுப் பேசலாமே சார்?" என்றேன்.

"அவன் காலையிலதான்பா வருவான். அந்த நேரத்துல நான் இவங்கள டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போவணும்."

'அவன்' ஏற்காட்டில் படுத்த படுக்கையாகிவிட்ட அவருடைய சிநேகிதர் சேவியர். காலைதோறும் ரேடியோவில் பேசியே இருவருக்கும் வயசாகியிருந்தது. 'இவங்க' சாரின் மனைவி ஸ்டெல்லா அம்மா. முன் சீட்டில், ஊசி ஏறுகிற கையைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"போன் பண்ணக் கூடாதா சார்?"

"போன் அடிச்சா மருமக எடுப்பா. 'மாமா நல்லா இருக்காரு அங்கிள்'னு வெச்சிடுவா. செட்டு அவன் கட்டில் பக்கத்துலயே இருக்கு. ஆனா குரல் நாளுக்கு நாள் இறங்கிட்டே வருது. இந்த சத்தத்துல அவன் இருக்கானா இல்லையான்னே தெரியல."

"அந்தப் பொட்டி எனக்கு வந்த சக்களத்தி, நைனா," என்றார் அம்மா. சிரிக்கத்தான் பார்த்தார்.

செட்டுக்கான ஒயரை நேராகப் பேட்டரியிலிருந்தே இழுத்தேன், பேட்டரியை ஒட்டி பியூஸ் வைத்து. பானட், டிக்கி, சைலன்சர் எல்லாவற்றையும் பட்டைக் கம்பியால் பாடியோடு பிணைத்தேன். பெயிண்டும் துருவும் இருந்தால் பிணைப்பு பிடிக்காது; வெள்ளை இரும்பு தெரிகிறவரை சுரண்டணும். அந்தத் துரு வாடை எங்கள் பள்ளிக்கூடத்து கேட்டைப் பிடித்து நின்றால் கையில் ஒட்டுகிற அதே வாடை. படிப்பு விட்டுப்போச்சு, வாடை விடவில்லை. பிளக் ஒயர்களை மாற்றினதும் கடுகு நின்றது. ஆல்டர்னேட்டர் ஒயரில் இரைச்சலை வடிகட்டுகிற கருப்பு வளையம் கோத்ததும் ஊளையும் அடங்கியது.

இன்னொன்று மிச்சமிருந்தது. க்ர்ர்... க்ர்ர்... யாரோ மூச்சு விடுகிற மாதிரி. இன்ஜினை அணைத்து சாவியைப் பாதி திருகி வைத்தாலும் நிற்கவில்லை. அப்படியென்றால் இன்ஜின் இல்லை, வேறு ஏதோ.

ஒரு நாள் காலை, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் கடை வாசலில் நிறுத்தச் சொல்லி, பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். வைப்பர் இல்லை. ஹார்ன் இல்லை. சிகரெட் லைட்டர் பியூஸைப் பிடுங்கினதும் ஸ்பீக்கர் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. அந்தக் காரின் டேஷ்போர்டிலும் ஒரு மாதா; காலடி விளக்கு அணைந்து இருண்டுபோனார்.

டயாலிசிஸ் ஆரம்பித்த வருஷம் அம்மா வேளாங்கண்ணியில் வாங்கி வந்தது. லைட்டர் குழியில் சொருகுகிற மலிவான மின்னல் விளக்கு. மூன்று பேரும் அதையே பார்த்தோம். வேறு எதுவாக இருந்தாலும் கழற்றி எறிந்திருப்பேன்.

"திரும்பப் போட்டுடுப்பா. பரவால்ல, இருக்கட்டும்," என்றார் சார்.

அப்போது ஸ்பீக்கரில் ஒரு குரல், தாள் உரசுகிற மாதிரி. "ஜெரால்டு... ஸ்டெல்லாவுக்கு எப்படி இருக்கு?"

அம்மா திரும்பினார். "என்னையா கேக்கறாரு?"

"தினம் முதல் வார்த்தையே அதான்," என்றார் சார்.

அம்மா கை நீட்டி விளக்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். "விளக்கு எரிஞ்சாதான் மாதாவா? பேசுங்க."

சத்தம் வராத பல்பு போட்டுத் தருகிறேன் என்றேன். "வேணாம் நைனா. பேசி முடிக்கட்டும், நானே சொருகிக்கிறேன்." பியூஸைத் திரும்ப வைத்தேன். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். பேச்சு முடியும். "சக்களத்தி முடிச்சிட்டா" என்று அம்மா விளக்கைச் சொருகுவார். க்ர்ர் என்று கிளம்பும். சார் செட்டை அணைப்பார்.

மழைக்காலம் முடிவதற்குள் அம்மா போய்விட்டார். அந்த விளக்கை இருட்டாக்கினதை நினைத்து எனக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை. முருகனிடம்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு காலை சார் பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்க வந்தார். செட்டில் சேவியர் பேசி முடித்தார். சார் கை நீட்டி விளக்கைச் சொருகினார். க்ர்ர்... செட்டை அணைக்கவில்லை.

"சார், சத்தம் வருதே. அந்த விளக்க மாத்தித் தரட்டுமா?"

"கைய வெக்காதப்பா. ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் இது வரும்."

ஆஸ்பத்திரியில் ஒரு வேலையும் இல்லாமல், அதே நேரத்துக்கு அதே வழியில் அவர் ஓட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு சேவியரின் குரலும் வரவில்லை. சாரும் போனார். கார் புதுப்பேட்டை பழைய இரும்புக் கடையில் தகடு தகடாகப் பிரிந்திருக்கும். கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு ஃபிளாட்டின் கார் நிறுத்தம். மாதாவை யார் எடுத்துக்கொண்டார்களோ.

போன வாரம் அந்த வாடகை கார் டிரைவரிடம் கேட்டேன். "தம்பி, ரேடியோவ ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல கொஞ்சம் வெய்யேன்."

"நடுவுல இன்னாண்ணே கீது? இது நிக்காது, தானா அடுத்ததுக்குப் பூடும்." பொத்தானை அழுத்திக் காட்டினான்.

ஒரு பாட்டு நின்றது. இன்னொன்று வந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. மாதாவின் விளக்கு சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தது.