களப்புக்குள் போகாத எஞ்சின்

பழைய எஞ்சின் பிளக் பெட்டியைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, அதிலிருந்து ஒரு குளிசையை எடுத்துத் தேத்தண்ணியோடு விழுங்குகிறார் இன்னாசிப்பிள்ளை. வயது ஐம்பத்திமூன்று. ஆலங்குடாக் கரையில் படகு எஞ்சின்களுக்கு அவர்தான் வைத்தியர். தன் உடம்பில் எச்.ஐ.வி இருப்பது பதினொரு வருடமாக இந்தப் பெட்டிக்கும் கொழும்பு கிளினிக்குக்கும் மட்டுமே தெரியும் என்பது அவருடைய கணிப்பு.

புத்தளத்திலும் சிலாபத்திலும் தெரிந்த முகங்கள் அதிகம், அதனால்தான் கொழும்பு. ஊருக்குச் சொல்லும் காரணம் 'சாமான் எடுக்க'. பொய் நன்றாக வேர்பிடித்துவிட்டது. அவர் கிளினிக் போகும் நாளை இப்போது கரையே விசாரிக்கிறது. "இன்னாசியண்ணே, எனக்கொரு காபரேட்டர்!" டொக்டரின் வாசலில் எஞ்சின் சாமான் பொதியோடு குந்தியிருக்கும் ஒரே நோயாளி அவர்தான்.

இரத்தத்தில் கிருமி அகப்படாத அளவுக்கு அடங்கிவிட்டது, மூளைக்குள் கொஞ்சம் ஒளிந்திருக்கலாம், குளிசை அங்கே சரியாகப் போய்ச் சேராது என்று அந்த இளம் பெண் டொக்டர் சொன்னபோது தலையாட்டினார்.

"விளங்குது மிஸ். கடல்ல பறக்கிற எஞ்சின் களப்புக்குள்ள போகாது. தண்ணி காணாது, சேத்தில குத்தும்."

உடம்பின் சொந்தக் காவல் அணுக்களையே பழக்கி, உள்ளே அனுப்பித் தேடவைக்க வெளிநாடுகளில் ஆராய்கிறார்கள் என்றார் டொக்டர். "ஆனா அதுகள் உள்ள போய்ச் சண்டை பிடிச்சா மூளை வீங்கிடும். அதுதான் பயம்."

"ஓம், வீட்டுக்குள்ள அடிபட்டா கள்ளனுக்கு முந்தி அலுமாரிதான் உடையும்."

போன மாதம் அவருடைய பகிடி நின்றது. அவர் திருத்திக் கொடுத்த கில்பட்டின் எஞ்சின் நடுக்கடலில் சூடேறி நின்றுவிட்டது. தண்ணீர் இழுக்கும் இறப்பர்ச் சக்கரம் அவருடைய சட்டைப்பைக்குள் கிடந்தது. "பூசைக்குக் கொண்டு போனீங்களாண்ணே?" என்றான் கில்பட். கரை சிரித்தது. மறுநாளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு காபரேட்டரைக் கழற்றிப் பூட்டித் தன் மூளையைப் பரீட்சை செய்கிறார்.

இதை அவர் சொன்னதும், மறதி கிருமியாலா வயதாலா என்று பார்க்க, கூட இருக்கும் ஒருவரை அழைத்துவரச் சொல்லித் துண்டெழுதிக் கொடுத்தார் டொக்டர். "மறந்தத நீங்களே சொல்ல ஏலாதே." ஊர் எஞ்சின்களின் நோயெல்லாம் அறிந்தவருக்குத் தன் நோய் அறிந்த ஒராள் இல்லை. வீட்டில் இருப்பது அக்கா றோசமேரி மட்டும். அவள் நாளைக்கு அவருடைய கோப்பையைத் தனியாகக் கழுவி, தனியாகக் கவிழ்த்துவிட்டால்? துண்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

இன்று காலை கிளினிக்குக்குத் தனியாகத்தான் வெளிக்கிட்டார். பாதித் தேத்தண்ணியைக் கதிரையில் வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

"டேய், பிளக் பெட்டிய விட்டுட்டுப் போறாய்." கோயிலுக்குக் கட்டும் சேலையில் றோசமேரி வாசலில் நின்றாள்.

"அது பழைய பிளக்கு அக்கா."

"பதினொரு வருசமா பழைய பிளக்கத்தானே விழுங்கிறாய். உள்ள ஒரு துண்டும் கிடக்குது. எனக்கென்ன கண் பொட்டையா?"

எஞ்சின் நின்றது. "நீ எங்க வெளிக்கிட்டாய் அக்கா?"

"சாமான் எடுக்க."

அவள் கதிரையிலிருந்த அவருடைய கோப்பையை எடுத்து, மிச்சத் தேத்தண்ணியை நின்றபடியே குடித்து முடித்தாள்.